முகூர்த்தம் தள்ளிப்போகாது: ஆரி, தையல் தொழில் நடத்துகிறவர்கள் தங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

2019 வைகாசியில் ஒரு நாள் அதிகாலை 3 மணிக்கு, ஒரு கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில் முட்டி போட்டு உட்கார்ந்து ப்ளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். ப்ளவுஸ் மணப்பெண்ணின் உடம்பில் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "உடுத்தின துணியில ஊசி போடக்கூடாதும்மா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். பெண்ணின் அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில், "சரி, தச்சு முடிச்சுட்டு ஒரு வாய் காபி குடி, கண்ணெல்லாம் செவந்து கிடக்கு" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

முதுகு முழுக்க மயில், இரண்டு கைகளிலும் குந்தன் கல், ஓரத்தில் ஜரி. 45 மணி நேர வேலை. அதில் ஒரு தையலைக்கூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் கொக்கி தைக்க மறந்திருந்தேன். அதற்கு முந்தைய மூன்று இரவும் நான் சரியாகத் தூங்கவில்லை. சோம்பேறித்தனத்தால் வந்த தவறு இல்லை அது.

திருச்சியில் நானும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு சின்ன ஆரி கடை நடத்துகிறோம். துணியை ஃப்ரேமில் இழுத்துக் கட்டி, முனை வளைந்த ஊசியால் நூல், மணி, கல் வைத்துப் போடுகிற பூவேலைதான் ஆரி. இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. முகூர்த்தத்துக்கு மறுநாள் ப்ளவுஸ் கொடுக்க முடியாது. அதனால் அடுத்தவர் வீட்டுத் தேதியை உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றிவிடுகிறோம். நம் சாப்பாடு, நம் கணக்கு, நம் கண், நமக்காக வரைய நினைத்த டிசைன் ஆகியவற்றுக்கு மட்டும் தேதியே கிடையாது. அவை எப்போது வேண்டுமானாலும் தள்ளிப்போகலாம். ஆக, ஒழுக்கம் நம்மிடம் இல்லாமல் இல்லை. அத்தனையும் வாடிக்கையாளர் பக்கமே போய்விடுகிறது. அதில் கொஞ்சத்தை நம் பக்கம் திருப்புவதற்கு நான் செய்தவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஆரி இல்லாமல் மெஹந்தி, கேக், போட்டோ, மேடை அலங்காரம் என்று முகூர்த்தத்தை நம்பி இருக்கிற எந்தக் கைத்தொழிலுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

1. முதலில் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

புதுப் பழக்கம் ஆரம்பிக்க வேண்டாம். நாலரைக்கு எழுந்திருக்க வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டும் பேனாவும் ஃப்ரேம் பக்கத்திலேயே இருக்கட்டும். ஊசி எடுக்கும்போது மணி, வைக்கும்போது மணி, எதற்காக வைத்தோம் என்று ஒரு வார்த்தை. "போன்." "நூல் தேட." "ட்ரயல்." "கரண்ட் இல்லை." அவ்வளவு போதும்.

ஒரு நாளைக்கு 11 மணி நேரம் வேலை செய்கிறேன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டில் பார்த்தால் ஊசி கையில் இருந்தது சராசரியாக 4 மணி நேரம். போன் மட்டும் 2 மணி 40 நிமிடம். அதுவும் ஒரே மூச்சில் இல்லை, மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று துண்டு துண்டாக. அரக்கு நூலில் எந்த அரக்கு என்று தேடியே ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போயிருந்தது. நூல்களை வண்ண வாரியாக டப்பாவில் போட்டு மேலே எண் ஒட்ட ஒரே ஒரு மதியம் ஆனது. அந்த மதியம் எனக்கு நாலு வருடமாகக் கிடைக்காமல் இருந்தது.

எழுதும்போது பொய் சொல்லத் தோன்றும். யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் "ரீல்ஸ்" என்று எழுதக் கை வராது. எழுதுங்கள்.

2. எத்தனை மணி நேரம் விற்க முடியும் என்று கணக்குப் போடுங்கள்

நம்மிடம் வந்து நிற்கிற சிக்கல்களில் முக்கால்வாசி, ஏற்கக் கூடாத ஆர்டரை ஏற்றதில்தான் ஆரம்பிக்கிறது. எனவே இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள்.

எங்கள் கணக்கு இது. ஒருவர் ஒரு நாளில் உண்மையாக ஊசி பிடிக்கக்கூடியது 5 மணி நேரம் (8 மணி நேரம் கடையில் இருந்தாலும்). மூன்று பேர், மாதம் 24 நாள் என்றால் 360 மணி நேரம். அதை முழுதாக விற்றுவிடக் கூடாது. காய்ச்சல் வரும், குழந்தையின் பள்ளியில் கூப்பிடுவார்கள், ட்ரயலில் கை இறுக்கம் என்று பிரிக்கச் சொல்வார்கள். ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டால் 288. கனமான மணப்பெண் ப்ளவுஸ் 45 மணி நேரம், நடுத்தர வேலை 18, கழுத்து ஓரமும் கை ஓரமும் மட்டும் என்றால் 6. அப்படியானால் ஒரு மாதத்துக்கு நாலு மணப்பெண், நாலு நடுத்தரம், ஆறு ஓரவேலை. கூட்டிப் பாருங்கள், 180, 72, 36. சரியாக 288. அதற்கு மேல் ஒன்று எடுத்தாலும் அது யாருடைய தூக்கத்திலிருந்தோதான் வரும்.

முதல் தடவை இந்தக் கணக்கைப் பார்த்ததும், "அவ்வளவெல்லாம் ஆகாது, நான் வேகமாகப் போடுவேன்" என்றுதான் மனசு சொல்லும். டேனியல் கானெமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1979-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முன்பு இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆனது என்று தெரிந்திருந்தும், இந்தத் தடவை சீக்கிரம் முடிந்துவிடும் என்றே மனிதர்கள் நம்புகிறார்களாம். மருந்து ஒன்றுதான். மனசைக் கேட்காமல் பழைய பில்லைக் கேட்பது. ஒவ்வொரு பில்லின் பின்பக்கமும் அந்த ப்ளவுஸுக்கு ஆன மணி நேரத்தை எழுதுங்கள். பத்து பில் சேர்ந்தால் உங்கள் உண்மையான வேகம் தெரிந்துவிடும்.

பழைய தையல்காரர்கள் இதை ஒரு அட்டையில் முடித்தார்கள். தீபாவளிக்கு முன்பே கடை வாசலில் "ஆர்டர் எடுப்பது நிறுத்தப்பட்டது" என்று தொங்கவிடுவார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து, வருகிற காசை ஏன் வேண்டாம் என்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

3. வருடத்தைத் தினசரிக் காலண்டரில் பாருங்கள்

நம் தொழிலுக்கு ஜனவரி, பிப்ரவரி என்று திட்டம் போட்டால் ஒட்டாது. தை, வைகாசி, ஆவணி கழுத்தை நெரிக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியைப் பல வீடுகளில் தவிர்க்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் வீட்டு ஆர்டரும் குறையும். முகூர்த்த நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதிலிருந்து பத்து நாள் பின்னால் வந்து பச்சை மையால் ஒரு கோடு போடுங்கள். பச்சைக் கோடுதான் உங்கள் முகூர்த்தம். வாடிக்கையாளரிடம் சொல்கிற டெலிவரி தேதியும் அதுதான். பத்து நாள் முன்னால் கொடுத்தால் மறு ட்ரயலுக்கு இடம் இருக்கும். கொக்கி மறந்தாலும் வீட்டிலேயே தைத்துவிடலாம்.

ஆடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டெலிவரி இல்லை என்பதால் அது ஓய்வு மாதம் என்று நானும் நம்பினேன். ஆடித் தள்ளுபடியில் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு, ஆவணிக் கல்யாணத்துக்கு ப்ளவுஸ் கொடுக்க எல்லோரும் அப்போதுதான் வருகிறார்கள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நமக்கும் பொருந்தும். ஆடி முதல் வாரத்திலிருந்தே ஆவணி வேலையில் ஊசி இறங்கவில்லை என்றால் ஆவணியில் அழுகைதான். உண்மையான ஓய்வு மார்கழியில். அப்போது ஒரு பத்து நாளையாவது இப்போதே காலண்டரில் அடித்துவிடுங்கள், வேறு ஏதாவது வந்து உட்காருவதற்குள்.

4. காலையில் ஊசி முதலில், போன் பிறகு

கையும் கண்ணும் காலையில்தான் சொன்ன பேச்சுக் கேட்கும். அந்த இரண்டு மணி நேரத்தை, ரேட் கேட்டு வந்த முப்பது மெசேஜுக்குப் பதில் போட்டே கொடுத்துவிட்டு, களைத்த கண்ணோடு மதியம் மயிலின் கழுத்தைப் போட உட்காருகிறோம்.

"நாளையிலிருந்து காலையில் வேலை செய்வேன்" என்று தீர்மானம் போட்டால் நடக்காது. எந்த வேலைக்குப் பிறகு, எங்கே, என்ன என்று முடிச்சுப் போட வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த மாதிரி "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற முடிச்சுகளைப் பல வருடம் ஆராய்ந்தவர். வெறும் ஆசையைவிட இப்படிக் கட்டி வைத்த தீர்மானம் அதிகம் நிறைவேறுகிறது என்று எழுதியிருக்கிறார். என் முடிச்சு: காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் ஃப்ரேம் முன்னால் உட்காருவேன். டம்ளர் கழுவாத நாள் கிடையாது, அதனால் உட்காராத நாளும் குறைந்துவிட்டது.

இதற்குக் காலையைவிட முந்தின இரவுதான் முக்கியம். கடை மூடும் முன் மூன்று காரியம்: மறுநாள் துணி ஃப்ரேமில் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். ட்ரேசிங், அதாவது டிசைனைத் துணியில் படியெடுப்பது, முடிந்திருக்க வேண்டும். வேண்டிய பீட்ஸ் தட்டில் கொட்டித் துணி போட்டு மூடியிருக்க வேண்டும். இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரு பூவை முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். பாதி இதழில் நிறுத்துங்கள். காலையில் உட்கார்ந்ததும் என்ன செய்வது என்று யோசிக்காமல் மீதி இதழுக்குக் கை தானாகப் போகும். எங்கள் கடையில் இருக்கிற சின்னப் பெண், "அக்கா, பாதியில விட்டா அபசகுனம் இல்லையா?" என்று கேட்டாள். சரி, குங்குமம் வைத்துவிட்டுப் போ என்றேன். இப்போது அவள் ஃப்ரேமில் ஒரு பொட்டு இருக்கும்.

5. வாட்ஸ்அப்பைக் கடை நேரத்துக்குள் கொண்டு வாருங்கள்

இரவு 11 மணிக்கு "அக்கா, என் ப்ளவுஸ் என்னாச்சு?" என்று வரும். பதில் போட்டால் 11.05-க்கு "கையில இன்னும் கொஞ்சம் கிராண்டா பண்ணலாமா?" என்று வரும். தவறு அந்தப் பெண்ணுடையது இல்லை. இந்த நேரத்திலும் கடை திறந்திருக்கிறது என்று நாம்தான் அவருக்குப் பழக்கியிருக்கிறோம்.

தனி எண் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸில் போடுங்கள். செயலி இலவசம். அதில் கடை மூடிய நேரத்துக்குத் தானாகப் போகிற பதிலை எழுதி வைக்கலாம். நான் வைத்திருப்பது: "வணக்கம். கடை நேரம் காலை 10 முதல் மாலை 7 வரை. உங்கள் செய்திக்கு நாளை 12 மணிக்குள் பதில் வரும். முகூர்த்தத் தேதியையும் புடவைப் படத்தையும் அனுப்பி வையுங்கள்." கடைசி வரிதான் உயிர். பதில் போட உட்காரும்போது தேவையான தகவல் ஏற்கெனவே வந்திருக்கும். ரேட், அட்வான்ஸ், அளவு ப்ளவுஸ் கொண்டு வருவது பற்றிய பதில்களை ஒரு தடவை எழுதி, குறுஞ்சொல் தட்டினால் வருகிற மாதிரி வையுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரிலும் "அட்வான்ஸ் வந்தது", "ட்ரயல்", "பாக்கி" என்று லேபிள் ஒட்டுங்கள்.

அப்புறம் ஒரு நாளில் இரண்டே தடவை போன். எனக்கு 12 மணியும் 5 மணியும். இடையில் போன் பக்கத்து அறையில் சார்ஜில் கிடக்கும். மேசையில் கவிழ்த்து வைத்தால் போதும் என்று நினைத்தேன், போதாது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலே கை நீளும். "பதில் தாமதமானால் ஆர்டர் போய்விடாதா?" என்று கேட்பீர்கள். சிலது போகும். உடனே பதில் வேண்டும் என்று போனவர்கள் பெரும்பாலும் ரேட் மட்டும் கேட்க வந்தவர்கள் என்பது என் அனுபவம்.

6. சனிக்கிழமை கணக்கு

கலைத்தொழில் செய்கிற நமக்குக் கணக்கு என்றாலே கொட்டாவி வரும். எனக்கும் வரும். அதனால் இதற்கு ஒரு நேரம், ஒரு இடம், ஒரு வடை என்று கட்டினேன். சனிக்கிழமை மாலை 4 மணி, கடைத் திண்ணை, தெருமுனைக் கடையின் உளுந்து வடை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை.

கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதற்கென்று தனி க்யூஆர் அட்டை. வீட்டுக்குப் பால் வாங்குகிற பணமும் ஜரி வாங்குகிற பணமும் ஒரே இடத்தில் கிடந்தால் லாபம் எது என்று கடவுளுக்கும் தெரியாது. மாதம் ஒரு தேதியில் உங்களுக்குச் சம்பளம் மாற்றிக்கொள்ளுங்கள், சின்னத் தொகையானாலும். கடையில் வேலை பார்க்கிறவருக்குச் சம்பளம் தள்ளிப்போனால் குற்ற உணர்வு வருகிறதல்லவா, அதே மரியாதை நமக்கும்.

அட்வான்ஸ் பாதி. அது வராமல் துணியில் ட்ரேசிங் இறங்காது. சொந்தக்காரர்களுக்கும் இதே விதிதான், அவர்களுக்குத்தான் முக்கியமாக.

பில்லின் பின்பக்கம் மணி நேரம் எழுதச் சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் பேசும். முன்பு ஒரு மணப்பெண் ப்ளவுஸுக்கு 4,500 ரூபாய் வாங்கினேன். சரக்கு 1,200 போக 3,300. அதை 45 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 73 ரூபாய். அந்த மாதம் என்னிடம் வேலை பார்த்தவருக்கு நான் கொடுத்தது அதைவிட அதிகம். அன்று மாலை வடை தொண்டையில் இறங்கவில்லை. மறுவாரமே ரேட் அட்டையைக் கிழித்துப் புதிதாக எழுதினேன்: மணி நேரத்துக்கு இவ்வளவு, சரக்கு தனி, தையல் கூலி தனி.

அரசாங்கக் காரியங்களில் மூன்று விஷயம் தெரிந்திருந்தால் போதும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு மத்திய அரசின் தளத்தில் இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வருமான வரியில் சிறு தொழிலுக்கு உத்தேச வருமான முறை இருக்கிறது. ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம், வங்கி, யூபிஐ வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். பெரிய கணக்குப் புத்தகம் வைக்கத் தேவையில்லை. உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நான் மூன்று வருடம் கேட்காமல் பயந்துகொண்டே இருந்தேன், கேட்டபோது பத்து நிமிடத்தில் முடிந்தது.

7. உடம்பும் ஒரு ஃப்ரேம்தான்

ஆரி வேலையில் முதலில் போவது கண். பக்கத்தில் இருப்பதையே மணிக்கணக்காக உற்றுப் பார்க்கும்போது, விழிக்குள் இருக்கிற குவியத் தசை இறுகியே கிடக்கிறது. இமைப்பதும் குறைந்து கண் உலர்கிறது. அமெரிக்கப் பார்வையியல் சங்கம் சொல்கிற 20-20-20 விதி நமக்கென்றே எழுதிய மாதிரி இருக்கும்: 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் இருக்கிற எதையாவது, 20 விநாடி பார்ப்பது. மணி அடிக்க வைத்தால் எரிச்சலாக இருந்தது. அதனால் நூல் தீர்ந்து புது நூல் கோக்கும் ஒவ்வொரு முறையும் எதிர்வீட்டு மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். மூன்று பேரும் அந்தத் தொட்டியையே வெறித்துப் பார்ப்பதைக் கண்டு எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, "தண்ணி வழியுதா?" என்று கேட்டார்.

நாற்பதை நெருங்கினால் வெள்ளெழுத்து வரும், இது எல்லோருக்கும் வருவது. ஊசித் துளையைத் தூரப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று நினைப்பார்களே என்று ஒரு வருடம் தள்ளினேன். அந்த ஒரு வருடத் தையலை இப்போது பார்த்தால் எனக்கே தெரிகிறது. வெளிச்சம் நாம் வேலை செய்யும் கையின் எதிர்ப்பக்கத்திலிருந்து விழ வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழலிலேயே தைப்போம். நூல் நிறம் பொருத்துவதைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் செய்யுங்கள்.

அடுத்தது முதுகும் மணிக்கட்டும். ஃப்ரேம் உயரத்தை மாற்ற முடியாத ஸ்டாண்டு என்றால் நாற்காலியை மாற்றுங்கள். முழங்கை ஃப்ரேம் மட்டத்தில் இருக்க வேண்டும், தோள் காதுக்கு ஏறக் கூடாது. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் விழிப்பு வந்தால், தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மணிக்கட்டு நரம்பு அழுந்துவதால் அப்படி ஆகலாம்.

பெண்கள் நடத்துகிற கடைகளில் யாரும் பேசாத ஒரு பழக்கம் உண்டு. கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டியிருக்கும் என்று தண்ணீர் குடிக்காமல் உட்காருவது. அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும், எனக்கு இரண்டு தடவை விட்டது. இப்போது ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில், மதியச் சாப்பாட்டுக்குள் காலியாக வேண்டும் என்பது கடைச் சட்டம். சாப்பாடு 1.30-க்கு, ஃப்ரேமை விட்டு எழுந்து, கீழே உட்கார்ந்து. குழம்புக் கை பட்டுப்புடவையில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை, அந்தப் பயத்தையே இந்த விதிக்குக் காவலாக நிறுத்தியிருக்கிறோம்.

மண்ணெண்ணெயில் வெள்ளைப் பொடி கலந்து ட்ரேசிங் செய்கிறவர்கள் சன்னலைத் திறந்து வையுங்கள். சாயங்காலம் 6 மணிக்கு மேல் டீ வேண்டாம். குடித்த காஃபினில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும், 12 மணிக்குப் படுத்தாலும் தூக்கம் சண்டை போடும். வேக நடை மாதிரியான மிதமான உடற்பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். ஜிம் தேவையில்லை. கடைக்கு வரும்போது இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டால் எனக்கு அதில் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

8. யாரும் கேட்காத டிசைனுக்கு வாரம் இரண்டு மணி நேரம்

இது ஆடம்பரம் மாதிரி தோன்றும், இல்லை. வருகிற ஆர்டர் எல்லாம் "இந்தப் போட்டோவில இருக்கிற மாதிரியே" என்றுதான் வருகிறது. ஒரு வருடம் அதையே செய்தால் நம் கை வெறும் நகல் எந்திரம் ஆகிவிடும். பிறகு வேலையில் சலிப்பு வருகிறது, சலிப்பு வந்தால் மேலே சொன்ன ஒழுங்கெல்லாம் முதலில் உடையும்.

எனக்கு வியாழன் காலை. ஒரு மாதம் ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக்கே போனேன். அங்கே தூணில் முன்னங்காலைத் தூக்கிப் பாயும் குதிரைகளை எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் குதிரையின் சேணத்தில் தொங்குகிற மணிவடத்தை மட்டும் நோட்டில் வரைந்தேன். ஒரு மணி, அடுத்தது சற்றுப் பெரிது, அடுத்தது மறுபடி சிறிது. அது கை ஓரத்துக்கு அப்படியே உட்காரும் என்று வரையும்போது தெரியவில்லை, வீட்டுக்கு வந்து கட் பீட்ஸில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மார்கழியில் தெருக்கோலம் பார்த்துக்கொண்டே நடப்பதும் இந்த இரண்டு மணி நேரக் கணக்கில் சேரும்.

அந்தத் துணித்துண்டை விற்க வேண்டாம், இன்ஸ்டாகிராமில் போடவும் வேண்டாம். ஒரு பெட்டியில் சேருங்கள். "வேற ஏதாவது புதுசா இருக்கா?" என்று கேட்கிற ஒருத்தி வரும்போது பெட்டியைத் திறக்கலாம்.

9. உடையும்போது என்ன செய்வது

உடையும். தை இரண்டாம் வாரத்தில் உடையும் என்று நாளே குறித்துச் சொல்லலாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் இதழில் வெளியானது. ஒரு பழக்கம் தானாக ஓட ஆரம்பிக்கச் சராசரியாக 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. 21 நாளில் வந்துவிடும் என்று சொல்கிறவர்களை நம்பி 22-ஆம் நாள் மனம் உடைய வேண்டாம். அதே ஆய்வில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை.

அதனால் ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு "சீசன் அளவு" வைத்திருக்கிறேன். காலை இரண்டு மணி நேரம் முடியாவிட்டால் காபிக்குப் பின் பத்து நிமிடம். சனிக்கணக்கு முடியாவிட்டால் வந்த பணத்தை மட்டும் எழுதுவது. நடை முடியாவிட்டால் ஒரு ஸ்டாப். வியாழன் வரைவு முடியாவிட்டால் ஒரு பூ. 1.30 சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் சீசன் அளவு கிடையாது, அவை முழு அளவுதான். 2019-ல் கொக்கி போனது அங்கேதான்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். முதல் மாதம் நோட்டும் பச்சைக் கோடும். அடுத்த மாதம் இரவில் ஃப்ரேம் கட்டி வைப்பது. போன் மூன்றாவது மாதம், அதுதான் கஷ்டம். கூட வேலை செய்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், விதி உங்களுக்கும் சேர்த்துத்தான் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் கடையில் என் போனைப் பிடுங்கிப் பக்கத்து அறையில் வைக்கிற உரிமை அந்தச் சின்னப் பெண்ணுக்கு உண்டு. அவள் அதை ரொம்ப மகிழ்ச்சியாகச் செய்கிறாள்.

இந்த வைகாசிக்கு நாலு மணப்பெண் ப்ளவுஸ் எழுதியாகிவிட்டது. ஐந்தாவதாக ஒரு அம்மா வந்து, "கூட ரெண்டாயிரம் தர்றேன்மா, உங்க கைதான் வேணும்" என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மனசு ஆடியது, பொய் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து வைகாசிப் பக்கத்தைக் காட்டினேன். பக்கத்துத் தெருவில் நன்றாகப் போடுகிற ஒரு பெண்ணின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். மணி 1.30 ஆகியிருந்தது. அவரையும் சாப்பிடச் சொன்னேன், மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.